கோபன்ஹேகனில் இரண்டு நாள்

மலருக்கு ஒரு பயணக் கட்டுரை வேண்டும் என்று சிஸ்டர் அவர்கள் கடிதம் எழுதியிருந்தார்கள். "படத்தில் பார்த்தாலே தெரிகிறதையெல்லாம் எழுதாதே, போய் நின்றால்தான் தெரியும் என்பதை எழுது" என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள். சிஸ்டர் அவர்கள் சொன்னால் சொன்னதுதான். ஆகவே, 2024ஆம் ஆண்டு மே மாதம், தூய ஆவியார் பெருவிழாவை ஒட்டி வந்த சனி ஞாயிறில், டென்மார்க் நாட்டின் தலைநகராகிய கோபன்ஹேகனுக்குத் தனியே சென்று வந்ததை இங்கே எழுதுகிறோம். வரிக்கு வரி ‘நான்’ என்று எழுதினால் சிவப்பு மையால் சுழித்துவிடும் தமிழாசிரியையிடம் படித்தவள் ஆகையால் ‘நாம்’ என்கிறோமே தவிர, போனது ஒருத்திதான். உடன் வந்தவை ஒரு தோள்பை, ஒரு குடை, ஒரு செபமாலை.

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் மேற்படிப்புப் படிக்கிற நமக்கு, விடுமுறை என்றால் பாரிசுக்கும் உரோமைக்கும் போகிற தோழிகள் உண்டு. "அந்தக் குளிர்ந்த ஊரில் என்ன இருக்கிறது?" என்று அவர்கள் கேட்டார்கள். அவர்களுக்குத் தரங்கம்பாடி தெரியாது. நம் பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்த எவளுக்கும் அது தெரியும். புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு பேருந்தில் பாடிக்கொண்டே போய், கடலோரத்தில் டேனியர் கட்டிய கோட்டையைச் சுற்றிப் பார்த்து, காலில் மணலோடு திரும்பாதவர் யார்? அன்று கோட்டை வாசலில் நின்ற வழிகாட்டியிடம், "இதைக் கட்டியவர்கள் இப்போது எங்கே, ஐயா?" என்று கேட்டோம். "அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள் பாப்பா" என்றார். போனவர்களுடைய ஊர் எப்படியிருக்கும் என்ற கேள்வி அன்றிலிருந்து மனத்தில் கிடந்தது.

புறப்படுவதற்கு முன் கடக்க வேண்டிய கடல் ஒன்று இருந்தது. அது அம்மாவின் அனுமதி. ஹாம்பர்க்கில் படிப்பது வேறாம்; அங்கே விடுதி உண்டு, கூடப் படிக்கிறவர்கள் உண்டு, கோயில் உண்டு. முன்பின் தெரியாத ஊரில் ஒரு பெண் இரண்டு இரவு தனியாகத் தங்குவது வேறாம். நாம் பாதுகாப்பைப் பற்றிச் சொன்னோம், விடுதியில் பெண்களுக்கென்று தனி அறை இருப்பதைச் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா ஒன்றே ஒன்று சொன்னார்கள்: "உனக்கு ஒன்று என்றால் நான் எப்படியம்மா வருவேன்? எனக்கு பாஸ்போர்ட்கூடக் கிடையாதே." இதற்கு நம்மிடம் பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து அம்மாவே தொலைபேசியில் அழைத்து, மூன்று நிபந்தனைகளோடு சரி என்றார்கள். ஞாயிறு பூசை தவறக்கூடாது. வெளியில் கண்டதைச் சாப்பிடக்கூடாது. பொழுது சாயுமுன் அறைக்குத் திரும்பி, திரும்பியதும் சொல்ல வேண்டும். மூன்றாவது நிபந்தனை என்ன பாடுபட்டது என்பதைப் பிறகு சொல்கிறோம்.

ஹாம்பர்க்கிலிருந்து கோபன்ஹேகனுக்கு ரயிலில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். 2019ஆம் ஆண்டின் இறுதிவரை இந்த ரயிலே ஒரு பெரிய கப்பலுக்குள் ஏறி, கடலைக் கடந்து, மறுகரையில் இறங்கி ஓடுமாம்! நாம் போன வழி வேறு. வடக்கே ஜெர்மன் எல்லையைத் தாண்டி, ஜட்லாந்து தீபகற்பத்தின் வழியாகச் சென்று, ‘ஸ்டோரபெல்ட்’ என்னும் கடற்காலைக் கடக்கிறது. முதலில் ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலம். நடுவில் ஸ்புரோயே என்னும் சிறு தீவு. பிறகு ரயில் மட்டும் கடலடியில் எட்டு கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் நுழைகிறது. மோட்டார் வண்டிகள் மேலே உயரமான தொங்குபாலத்தில் போகின்றன. 1997இல் ரயிலுக்குத் திறந்த வழி இது. எல்லையில் காவலர் இருவர் ஏறிக் கடவுச்சீட்டையும் தங்கும் அனுமதிச் சீட்டையும் வாங்கிப் பார்த்தார்கள். அரை நிமிடம்தான் ஆகியிருக்கும். காகிதம் ஒழுங்காக இருந்தும் நெஞ்சு படபடத்தது.

கோபன்ஹேகனில் முதலில் காதில் விழுவது மிதிவண்டி மணி. சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவில் மிதிவண்டிகளுக்கென்று சற்று உயர்த்திய தனி வழி உண்டு. அதில் காலையில் கோட்டும் சூட்டும் போட்டவர்கள், முன்பெட்டியில் மூன்று குழந்தைகளை வைத்த தாய்மார், எழுபது வயதுப் பாட்டிமார் எல்லோரும் போகிறார்கள். அந்த வழியில் தெரியாமல் கால் வைக்கும் வெளியூர்க்காரர்களுக்குக் கிடைக்கும் மணியோசை இருக்கிறதே, திருப்பலியில் எழுந்தேற்றத்தின்போதுகூட அவ்வளவு உரக்க அடிக்கமாட்டார்கள்! அடுத்து வியக்கவைத்தது, காப்பிக் கடைகளுக்கு வெளியே தள்ளுவண்டிகளில் தூங்கும் கைக்குழந்தைகள். தாய் உள்ளே கண்ணாடியோரம் உட்கார்ந்து காப்பி குடிக்கிறாள். குழந்தை குளிர்காற்றில் போர்த்துக்கொண்டு தூங்குகிறது. குளிர்ந்த காற்று குழந்தைக்கு நல்லது என்பது அவர்கள் எண்ணம். நம் பாட்டிமார் பார்த்தால் தாயை அடித்தே விடுவார்கள். காப்பியின் விலையைப் பார்த்தால் நாம் அழுதுவிடுவோம். ஒரு கோப்பை அப்போது 45 குரோனர். ஒரு குரோனர் அன்று ஏறக்குறைய 12 ரூபாயாக இருந்தது. டென்மார்க் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் யூரோவை ஏற்கவில்லை. 2000ஆம் ஆண்டில் மக்களிடம் வாக்கெடுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே இரண்டு நாளும் கருப்பான கம்பு ரொட்டியும் (நம் கம்பு அன்று, ‘ரை’ என்னும் தானியம்) வாழைப்பழமும் குழாய்த் தண்ணீருமே நம் உணவு. அம்மாவின் இரண்டாவது நிபந்தனையைக் காப்பாற்றியது நம் ஒழுக்கமன்று, அந்த ஊர் விலைவாசியே.

சனிக்கிழமை காலையில் முதலில் போனது போர்சன் என்னும் பழைய வணிக மாளிகைக்கு. பார்க்கப் போனோம் என்று சொல்வதைவிட, துக்கம் கேட்கப் போனோம் என்பது பொருந்தும். நான்கு பறவைநாகங்கள் வாலைப் பின்னிக்கொண்டு வானை நோக்கி எழுவதுபோல் அமைந்த அதன் கோபுரம் அந்நகரத்தின் அடையாளங்களுள் ஒன்று. நாம் போவதற்கு ஒரு மாதம் முன்புதான், 2024 ஏப்ரல் 16ஆம் நாள், அம்மாளிகை தீப்பற்றி எரிந்தது. கோபுரம் எரிந்து தெருவில் விழுந்தது. இரண்டு நாளில் வெளிச்சுவரின் ஒரு பகுதியும் சரிந்தது. தீ எரிந்துகொண்டிருக்கும்போதே அலுவலர்களும் தெருவில் போனவர்களும் உள்ளே ஓடி, பெரிய பெரிய ஓவியங்களைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்களாம். நாம் போனபோது சாரம் கட்டி அடைத்திருந்தார்கள். வேலிக்கு வெளியே ஒரு முதியவர் நெடுநேரம் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். பாரிசில் நோத்ருதாம் பேராலயம் எரிந்து ஐந்து ஆண்டு முடிந்த மறுநாள் இது நடந்தது என்பதை எண்ணிப் பார்க்கையில் உடல் சிலிர்த்தது.

இந்த மாளிகையைக் கட்டிய அரசர் நான்காம் கிறிஸ்டியன். 1588 முதல் 1648 வரை அறுபது ஆண்டு அரசர் என்ற பெயரைத் தாங்கியவர். நகரத்தில் எங்கே திரும்பினாலும் அவர் கட்டியது ஒன்று நிற்கிறது. இந்த மாளிகைக்கு அடித்தளம் இட்ட நாட்களில்தான் அவருடைய கப்பல்கள் நம் கடலை நோக்கி வந்துகொண்டிருந்தன. 1618ஆம் ஆண்டு நவம்பரில் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்ட கப்பல்களுக்குத் தலைவனாக அனுப்பப்பட்ட ஓவே கெட்டே என்பவனுக்கு அப்போது 24 வயதுகூட நிறையவில்லை. அவன் தேடிப் போனது தரங்கம்பாடியை அன்று, இலங்கையை. போர்த்துக்கீசியரை எதிர்க்கக் கண்டி மன்னர் உதவி கேட்கிறார் என்று நம்பிப் புறப்பட்டார்கள். ஆயிரமாயிரம் மைல் கடந்து, வழிநெடுக ஆட்களைச் சாகக்கொடுத்து, இலங்கையை அடைந்து பார்த்தால் அங்கே பேச்சு கூடிவரவில்லை. பிறகே சோழமண்டலக் கரைக்கு வந்து, 1620 நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் கோட்டை எழுப்பினார்கள். நாயக்கர் டேனிய அரசருக்குப் பொன் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. போகிறவர் வருகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டும் பொருளன்று அது. காப்பகம் இருக்கும் நகரத்தில் நிற்கிறோம் என்பதோடு ஆறுதல் கொண்டோம்.

தரங்கம்பாடியை 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு, நம் வழிகாட்டி ஐயா சொன்னதுபோலவே, ஊருக்குப் போய்விட்டார்கள். இடையில் 1706இல் டேனிய அரசர் அனுப்பிய சீகன்பால்கு ஐயர் வந்ததையும், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சானதையும் வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். (தமிழில் முதல் அச்சுப் புத்தகங்களுள் ஒன்றான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இலேயே கொல்லத்தில் சேசு சபையார் அச்சிட்டது என்பதை, கத்தோலிக்கப் பள்ளி மலர் ஆகையால், அடைப்புக்குள்ளாவது சொல்லிவைக்கிறோம்.)

அன்று பகலில் பார்த்த மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். அதே அரசர் தொடங்கி 1642இல் முடிந்த வட்டக் கோபுரத்தில் பெரும்பகுதிக்குப் படிக்கட்டு இல்லை. ஏழரைச் சுற்றுச் சுற்றி ஏறும் சாய்பாதைதான். 1716இல் உருசிய மன்னர் பீட்டர் குதிரைமீது அமர்ந்தே மேலே போனாராம். நாம் நடந்து போனோம். உச்சியில் நம்மைப் படம் எடுத்துத் தர ஆள் தேடியபோதுதான் தனிப் பயணத்தின் குறை தெரிந்தது. இன்னொரு குறை, குளியலறைக்குப் போகும்போது பையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாதது. இவை இரண்டையும் தவிர வேறு குறை சொல்லத் தெரியவில்லை. ‘தாகமா, பசியா, போகலாமா, நிற்கலாமா’ என்று ஒருவரையும் கேட்காமல் ஒரு தெரு முனையில் கால்மணி நேரம் சும்மா நிற்பது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு புதுமையான காரியம் என்பதை, ஐந்து பேரோடு பிறந்த தோழியர் புரிந்துகொள்வார்கள்.

கடற்கன்னி சிலையைப் பார்க்காமல் வந்தால் நம்பமாட்டீர்கள் என்பதற்காகப் பார்த்தோம். 1913இல் வைத்த வெண்கலச் சிலை; நான்கடி உயரந்தான். ஆண்டர்சன் எழுதிய கதையில் கால் வேண்டும் என்பதற்காகக் குரலைக் கொடுத்துவிட்ட பெண் அவள். போதாதென்று மனிதர்கள் 1964இல் ஒருமுறையும் 1998இல் ஒருமுறையும் அவள் தலையையே அறுத்துவிட்டார்கள். நடுவில் 1984இல் ஒரு கையையும். மறுபடி மறுபடி பொருத்தி அதே பாறைமேல் உட்கார வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் நூறு பேர் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவள் யாரையும் பார்க்கவில்லை. நமக்கு அங்கே அதிக நேரம் நிற்கப் பிடிக்கவில்லை.

பிடித்தது அன்னை மரியாள் ஆலயம். பெயர் நம் அன்னையின் பெயரானாலும் அது லூத்தரன் சபையாரின் பேராலயம். 1807இல் ஆங்கிலேயர் குண்டுவீச்சில் அழிந்து, திரும்பக் கட்டி 1829இல் திறந்தது. பீடத்துக்கு மேல் சிற்பி தோர்வால்ட்சன் செய்த கிறிஸ்து பெருமான், இரு கைகளையும் விரித்தபடி, தலையைக் கவிழ்த்து நிற்கிறார். இருபுறமும் பன்னிரு திருத்தூதர். யூதாசின் இடத்தில் புனித பவுல். பெருமானின் முகத்தை நேராகப் பார்க்க வேண்டுமானால் முழந்தாளிட வேண்டும் என்று சொல்வார்கள். யாரும் பார்க்காத நேரத்தில் முழந்தாளிட்டுப் பார்த்தோம். உண்மைதான்.

இனி மூன்றாவது நிபந்தனை. மாலை ஏழு மணிக்கு ஒழுங்காக விடுதிக்குத் திரும்பி, ஆறு பேர் படுக்கும் பெண்கள் அறையில் நம் மேல்கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அம்மாவை அழைத்தோம். நம் ஊரில் அப்போது இரவு பத்தரை.

"பொழுது சாய்ந்துவிட்டதா?"

"இல்லையம்மா. வெயில் அடிக்கிறது."

"ஏழு மணிக்கா?"

"ஒன்பது இருபதுக்குத்தான் சூரியன் மறையுமாம்."

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவ்வளவு செலவு பண்ணிப் போய்விட்டு வெயில் அடிக்கும்போது உள்ளே என்ன உட்கார்ந்திருக்கிறாய்? போய்ப் பார்த்துவிட்டு வா. சாய்ந்ததும் சொல்" என்றார்கள். ஆகவே மறுபடி இறங்கி, நீஹவ்ன் என்னும் பழைய துறைமுகக் கால்வாயின் ஓரத்தில், மஞ்சளும் சிவப்பும் நீலமுமான வீடுகளுக்கு எதிரே, ஊரார் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த கரைச்சுவரில் நாமும் உட்கார்ந்தோம். வெளிச்சம் போகவே மனமில்லாமல் போயிற்று. ஒன்பதரைக்கு அறைக்கு வந்து அழைத்தபோது நம் ஊரில் இரவு ஒரு மணி. முதல் மணியிலேயே அம்மா எடுத்தார்கள்.

ஞாயிறு காலை, பிரெட்கேட் தெருவில் புனித ஆன்ஸ்கார் பேராலயத்துக்குப் போனோம். கத்தோலிக்கர் அந்த நாட்டில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 1536இல் அரசரே மறுமலர்ச்சிச் சபையை நாட்டின் சபையாக்கியபின், கத்தோலிக்கக் குரு நாட்டுக்குள் காலடி வைத்தால் மரண தண்டனை என்று சட்டம் போட்ட காலமும் இருந்தது. வெளிநாட்டுத் தூதர் வீட்டுச் சிற்றாலயத்தில் மட்டுமே பூசை நடக்கலாம். அப்படித் தூதரகத்தின் நிழலில் வளர்ந்த சிறுமந்தைக்காக 1842இல் திறந்த கோயில்தான் இது. 1849இல் வந்த அரசியல் சட்டமே எல்லாருக்கும் வழிபாட்டு உரிமை கொடுத்தது. அதற்கு ஏழாண்டு கழித்து, 1856இல், பிரெஞ்சு மொழி பேசும் சாம்பேரி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் அங்கே போய் இறங்கி, பள்ளிகளும் மருத்துவமனைகளும் நடத்தத் தொடங்கினார்கள். மொழி தெரியாத குளிர் நாட்டில் நம் சிஸ்டர்களைப் போன்றவர்கள் வெண்கட்டியும் கையுமாக நிற்பதைக் கற்பனை செய்ய நமக்குச் சிரமமாக இல்லை.

இந்நகரில் பிறந்த ஒருவரைப் பற்றி அறிவியல் பிரிவு மாணவியர் அறிய வேண்டும். பொற்கொல்லர் மகனாக 1638இல் பிறந்த நீல்ஸ் ஸ்டீன்சன், கன்னத்திலிருந்து வாய்க்கு உமிழ்நீர் கொண்டுவரும் குழாயைக் கண்டுபிடித்தவர். அதற்கு இன்றும் அவர் பெயர்தான். பாறைகள் அடுக்கடுக்காகப் படிவதையும், அடியிலிருப்பது முந்தியது என்பதையும் 1669இல் எழுதி, மண்ணியலுக்கே அடிப்படை போட்டவர். 1667இல் கத்தோலிக்கரானார், பின் குருவாகி, ஆயராகி, நாம் படிக்கும் ஹாம்பர்க்கிலும் பணியாற்றி, வறுமையில் 1686இல் இறந்தார். 1988இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார்கள். விலங்கியல் பாடத்தில் அந்தக் குழாயைப் படம் வரைந்து பாகம் குறித்த நாளில் இது தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பக்தியோடு வரைந்திருப்போம்!

திருப்பலி டேனிய மொழியில். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் எங்கே எழுவது, எங்கே முழந்தாளிடுவது என்பதற்கு மொழி வேண்டியிருக்கவில்லை. போலந்துக்காரர், பிலிப்பைன்சுக்காரர், வியட்நாமியர், ஆப்பிரிக்கர் என்று கோயிலில் பாதிப் பேர் எங்கிருந்தோ வந்தவர்கள். பலரும் பல மொழியில் கேட்ட நாளைக் கொண்டாடும் பெருவிழா அல்லவா! பூசை முடிந்து வாசலில் வரும்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"பிள்ளை, எங்கையிருந்து வந்தனீங்கள்?"

திரும்பினோம். கம்பளி மேலங்கிக்குக் கீழே சேலை உடுத்திய, அறுபது வயதைக் கடந்த அம்மா ஒருவர். யாழ்ப்பாணத்தவர். ஜட்லாந்து பக்கம் ஓர் ஊரில் இருப்பவர். பேரப்பிள்ளையைப் பார்க்க மகள் வீட்டுக்கு வந்திருந்தாராம். நாம் நாகப்பட்டினம் பக்கம் என்றதும் அவருடைய கை நம் கையைப் பிடித்தது. "தனியவோ வந்தனீங்கள்?" என்றார். ஆமாம் என்றோம், கொஞ்சம் பெருமையாகவே. "நானும் தனியத்தான் வந்தனான், ரெண்டு பிள்ளையளோடை" என்றார். வாசலருகே உட்கார்ந்து அவர் சொன்னதை அப்படியே எழுத நமக்குத் திறமை போதாது, சுருக்கமாக எழுதுகிறோம்.

அவர் கணவர் 1986இல் மாஸ்கோ, கிழக்கு பெர்லின் வழியாக டென்மார்க் வந்து அகதியாக ஏற்கப்பட்டவர். மகனுக்கு அப்போது இரண்டு வயது, மகள் வயிற்றில். அகதியாக ஏற்கப்பட்டவருடைய மனைவி மக்களை அழைத்துக்கொள்ள அந்நாட்டுச் சட்டமே உரிமை கொடுத்திருந்தது. மறு ஆண்டு விண்ணப்பம் போட்டார்கள். பதில் வரவில்லை. மறுபடி எழுதினார்கள். பதில் இல்லை. அந்த ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் சண்டை. "அப்ப உங்கட..." என்று தொடங்கியவர், நம் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தச் சொல்லை விழுங்கி, "இந்திய ஆமி வந்த நேரம்" என்று மாற்றிச் சொன்னார். நாம் தலையைக் குனிந்துகொண்டோம். கைக்குழந்தையோடு கோயில் ஒன்றில் மற்றக் குடும்பங்களோடு நாட்கணக்காகத் தரையில் கிடந்திருக்கிறார். கணவருக்கு இவர்கள் உயிரோடிருப்பது தெரிய இரண்டு மாதம் ஆயிற்றாம். "இவர் அங்கை ஒவ்வொரு கிழமையும் கந்தோருக்குப் போய்க் கேக்கிறவர். பாக்கிறம், பாக்கிறம் எண்டு சொல்லுவினமாம்."

ஏன் பதில் வரவில்லை என்பது பின்னாளில் வெளிவந்தது. 1987இல் நீதியமைச்சராயிருந்த எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்ப விண்ணப்பங்களை எடுக்காமல் ஒதுக்கி வைக்கும்படி அதிகாரிகளுக்குச் சொல்லியிருந்தார். சட்டத்தை மாற்றவில்லை; கோப்புகளை நகர்த்தாமல் வைத்துவிட்டார்கள். 1989இல் கேள்வி எழுந்தபோது பிரதமர் பவுல் ஷ்லூட்டர், கம்பளத்துக்கடியில் எதுவும் கூட்டித் தள்ளப்படவில்லை என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். விசாரணை நடந்தது. 1993 ஜனவரியில் வெளிவந்த அறிக்கை ஏறக்குறைய 6,000 பக்கம். கம்பளத்துக்கடியில் இருந்ததெல்லாம் அதில் இருந்தது. பிரதமர் பதவி விலகினார். பத்தாண்டுக்கு மேல் நடந்த அவர் ஆட்சி முடிந்தது. அமைச்சர்களை விசாரிப்பதற்கென்றே உள்ள தனி நீதிமன்றம் 1995இல் நின்-ஹான்சனைக் குற்றவாளி எனத் தீர்த்து, நான்கு மாதத் தண்டனையை நிறுத்திவைத்து விதித்தது. டேனிய மொழியில் இதற்கு ‘தமிழர் வழக்கு’ என்றே பெயர். அந்நாட்டு வரலாற்றுப் புத்தகத்தில் நம் இனத்தின் பெயர் இருக்கும் இடம் தரங்கம்பாடி ஒன்றுதான் என்று எண்ணிப் போன நமக்கு இது ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

"அரசாங்கம் விழுந்தபோது சந்தோசமாக இருந்ததா அம்மா?" என்று கேட்டோம்.

"சந்தோசமோ? பயம் பிள்ளை. எங்களாலைதானே வந்தது எண்டு சனம் கோவிக்குமோ எண்டு பயம். இவர் அண்டைக்கு வேலைக்குப் போகப் பயந்தவர். போனால், கூட வேலை செய்யிற ஒரு டெனிஸ்காரன் வந்து கையைக் குடுத்து மன்னிப்புக் கேட்டவனாம். இவருக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. ‘பரவாயில்லை’ எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டார். மூண்டு வருசம்! பரவாயில்லையாம்!" சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அவரும் பிள்ளைகளும் கோபன்ஹேகன் விமான நிலையத்தில் வந்திறங்கியது 1989இல். ஐந்து வயது மகன், கதவுக்கு வெளியே பூங்கொத்தோடு நின்றவரைப் பார்த்து, "அம்மா, ஒரு மாமா அழுறார்" என்றானாம். மகள் அன்றுதான் தகப்பனை முதல்முறை பார்க்கிறாள். அவர் தூக்க வந்ததும் தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த மகள்தான் இப்போது இந்நகரில் தாதியாக வேலை செய்கிறவள். கணவர் காலமாகி நான்கு ஆண்டு.

சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பேச்சை மாற்றவேண்டி, நாம் நான்காம் கிறிஸ்டியன் கதையைச் சொன்னோம். கப்பல்கள் முதலில் தேடிப் போனது இலங்கையைத்தான் என்றும், அங்கே இடம் கிடைக்காமலே எங்கள் பக்கம் வந்தார்கள் என்றும் சொன்னபோது அந்த அம்மாவுக்கு ஒரே வியப்பு. "அப்ப அவைதான் முதல் எங்களிட்டை வந்தவை எண்டு சொல்லுங்கோ! அவைக்கு ஆர் விசா குடுத்தது?" என்றார். கோயில் வாசலில் நின்ற குருவானவர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம்.

பிறகு அவர் கேட்டது: "அம்மாவுக்குத் தெரியுமோ நீங்கள் தனிய நிக்கிறது?" தெரியும், ஆனால் தூங்கமாட்டார்கள் என்றோம். "நம்பரைத் தாங்கோ" என்றார். நம் தொலைபேசியிலேயே அழைத்துக் கொடுத்தோம். "அம்மா, நான் யாழ்ப்பாணத்தாள். உங்கட பிள்ளை என்னோடைதான் நிக்கிறா. பூசை கண்டவ. ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ" என்று ஆரம்பித்தவர், இருபத்தைந்து நிமிடம் பேசினார். மூன்றாவது நிமிடத்துக்குப் பிறகு நம்மைப் பற்றிய பேச்சே இல்லை. வேளாங்கண்ணித் திருவிழா, பேரப்பிள்ளைக்கு வயிற்றுவலி, தேங்காய் விலை என்று அது எங்கெங்கோ போயிற்று. ஒரு கட்டத்தில் அவர் எழுந்து, கொஞ்சம் தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார். அங்கே என்ன பேசினார்கள் என்பதை அவரும் சொல்லவில்லை, இன்றுவரை நம் அம்மாவும் சொல்லவில்லை. ஆனால் சென்ற முறை ஊருக்குப் போனபோது வீட்டு மேசைமேல் பாஸ்போர்ட் விண்ணப்பத் தாள் ஒன்று பாதி நிரப்பியபடி கிடந்தது.

புறப்படும்போது பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நம் கையில் திணித்தார். மகள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் சாப்பிட வைத்திருந்ததாம். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம். யாழ்ப்பாணத்து அம்மாமாரிடம் அந்தச் சொல் செல்லாது.

ரயில் கடலடிச் சுரங்கத்தையும் பாலத்தையும் கடந்து, ஓடென்ஸ் நகரை நெருங்கும்போது பொட்டலத்தைப் பிரித்தோம். தேங்காய்ப்பூ போட்ட ரொட்டி நான்கு, சிவக்கச் சிவக்கச் சம்பல். மணி மாலை ஆறு; வெயில் மதியம்போல் அடித்துக்கொண்டிருந்தது. எதிர் இருக்கையில் இருந்த டேனியச் சிறுமி கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தாயிடம் சைகையால் கேட்டுவிட்டு ஒரு ரொட்டியை அவளுக்குக் கொடுத்தோம், சம்பல் இல்லாமல்.